கடலூரில் பேக்பைப் பழக ஆசை: ஊதினால் சீறுகிறது, பாடவில்லை

#1 · கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்) · ஜூலை 6

அனைவருக்கும் வணக்கம். வயது 42, மருந்துக்கடை நடத்துகிறேன். பள்ளி நாளில் என்.சி.சி. முகாமுக்குப் போனபோது ராணுவ பேண்டு ஒன்று பேக்பைப் (ஸ்காட்லாந்துப் பை வாத்தியம்) வாசித்தபடி மைதானத்தைக் கடந்து போனது. அந்தச் சத்தம் இன்றுவரை காதை விட்டுப் போகவில்லை. பிள்ளைகள் படிப்பு, கடை, கடன் என்று 25 வருடம் தள்ளிப்போட்டுவிட்டு, சென்ற மாதம் இணையத்தில் 11,000 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கிவிட்டேன்.

படத்தைப் பார்த்துப் பூட்டினேன். மூன்று நீளக் குழல்களைத் தோளில் சாய்த்து, பையை இடது கக்கத்தில் இடுக்கி, ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன். கண்ணில் பூச்சி பறந்தது. பை பாதிகூட நிறையவில்லை. ‘உஸ்ஸ்’ என்ற சீறல் மட்டும். சமையலறையில் இருந்த மாமியார் ஓடிப்போய் காஸ் சிலிண்டரை மூடினார்.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இதைக் கற்றுக்கொடுப்பவர் உண்டா? இந்த வயதில் மூச்சு தாங்குமா? என் செட்டில் என்ன கோளாறு?

#2 · மாடிவீட்டுக்காரன் (புதுச்சேரி, முத்தியால்பேட்டை) · ஜூலை 6

பக்கத்து வீட்டுக்காரர்கள் சார்பில் ஒரு வேண்டுகோள். இந்த வாத்தியத்தில் மெதுவாக வாசிப்பது என்று ஒன்று கிடையாது. ஊதினால் முழுச் சத்தம், இல்லையென்றால் மௌனம். அருகில் நின்றால் 100 டெசிபலைத் தாண்டும். வீட்டுக் கூடத்தில் வேண்டாம். கடலூர்க்காரருக்குக் கடல் இருக்கிறதே!

#3 · பழைய_பட்டாளம் (நெல்லிக்குப்பம்) · ஜூலை 7

தம்பி, முதலில் அந்தப் பையைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் காலாட்படையில் 17 வருடம் இருந்தவன். அதில் 12 வருடம் பைப் பேண்டு. சேர்ந்த முதல் ஏழு மாதம் பையைத் தொடவே விடவில்லை. கையில் பிராக்டிஸ் சாண்டர் மட்டும். பார்க்கக் குழல் போல இருக்கும், மேலே ஒரு மூடி, மூடிக்குள் பிளாஸ்டிக் ரீடு, அதாவது காற்றில் அதிர்ந்து சத்தம் தரும் நாக்கு. ஜலதோஷம் பிடித்த வாத்து முனகுவது போல ஒரு சத்தம். அதை வைத்துக்கொண்டுதான் விரலைப் பழக்க வேண்டும். விரல் நுனியால் துளையை மூடினால் பேண்டின் தலைவரான பைப் மேஜர் பென்சிலால் கணுவில் ஒரு தட்டுத் தட்டுவார். கீழே இருக்கும் வலது கை விரல்கள் தட்டையாகப் படுத்து, நடுக்கணுச் சதையால் துளையை மூட வேண்டும். சுண்டுவிரலுக்கு மட்டும் நுனி. விறைப்பு கூடாது. இரவு தூங்கும்போதும் என் விரல்கள் போர்வையில் ஆடிக்கொண்டிருக்குமாம், பக்கத்துக் கட்டில்காரன் சொல்வான்.

மூச்சைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். நுரையீரலை விட முழங்கைக்குத்தான் இங்கே வேலை அதிகம். நீங்கள் ஊதுவது பைக்கு. பைதான் குழலுக்கு ஊதுகிறது. மூச்சு இழுக்கும் அந்த ஒரு நொடியில் கை பையை அமுக்கி, காற்றின் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுபடி ஊதத் தொடங்கியதும் கை தளர வேண்டும். ஊதும்போதே அமுக்கினால் சுருதி ஏறும். மூச்சு இழுக்கும்போது அமுக்கத் தவறினால் சுருதி இறங்கும். புதியவர் வாசித்தால் கிணற்று ராட்டினம் போல ஏறி இறங்கிக் கேட்பதற்கு இதுவே காரணம்.

இனி உங்கள் செட். பையில் ஐந்து அடிக்கட்டைகள் இருக்கும்: ஊதுகுழலுக்கு ஒன்று, விரல் வைத்து வாசிக்கும் குழலான சாண்டருக்கு ஒன்று, தோளில் சாய்ந்து ஒரே ஸ்வரத்தில் நிற்கும் மூன்று ட்ரோனுக்கு மூன்று. ஊதுகுழலை விட்டுவிட்டு மற்ற நான்கையும் தக்கையால் இறுக அடையுங்கள். ஊதிப் பையைக் கல் போல ஆக்கிவிட்டுப் பாருங்கள். நல்ல பை அசையாது. அடுத்து, ஊதுகுழலின் அடியில் ஒரு தோல் நாக்கு இருக்க வேண்டும். போன காற்றைத் திரும்ப விடாது, சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி. அது இருக்கிறதா பாருங்கள்.

இணையத்தில் வரும் மலிவு செட்டுகள் பெரும்பாலும் ஷீஷம் மரத்தில் கடைந்தவை. நல்ல வாத்தியத்துக்கு ஆப்பிரிக்கக் கருங்காலி வேண்டும்; அடர்த்தி அதிகம், ஈரத்துக்கு எளிதில் அசையாது. மலிவு செட்டில் மரம்கூடப் பரவாயில்லை, ரீடும் சாண்டரும்தான் கழுத்தறுக்கும். சுவரில் மாட்ட அழகாக இருக்கும்.

#4 · கெடிலக்கரை · ஜூலை 9

ஐயா, சொன்னபடி செய்தேன். தோல் நாக்கு இல்லவே இல்லை! அதற்கான பள்ளம் மட்டும் இருக்கிறது. நான் ஊதிய காற்றெல்லாம் என் வாய்க்கே திரும்பியிருக்கிறது.

தக்கைக்கு எங்கள் கடையிலேயே ரப்பர் மூடிகள் இருந்தன. அடைத்து ஊதினால் அப்போதும் சீறல். கடைக்கு எதிரே இருக்கும் சைக்கிள் கடை அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஐந்து கட்டைகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, “என்ன சார், கன்றுக்குட்டிக்கு ஒரு கால் அதிகமாக இருக்கிறது” என்றார். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கப் பார்த்தார். தோல் என்று தடுத்துவிட்டேன். சோப்பு நுரையைத் தையல் நெடுகத் தடவினோம். அடித் தையலில் பதினாறு இடத்தில் குமிழி. எண்ணியது அவர்தான். காசு வாங்க மறுத்துவிட்டார், இவ்வளவு நல்ல பஞ்சரை அவர் பார்த்ததே இல்லையாம்.

ஏழு மாதம் வாத்துச் சத்தம் என்பதை நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது. குறுக்கு வழி எதுவும் இல்லையா?

#5 · ஒத்துக்காரர் (சிதம்பரம்) · ஜூலை 9

குறுக்கு வழி இருந்தால் எங்கள் தாத்தா எனக்குச் சொல்லியிருப்பார்.

நாகஸ்வரக் குடும்பம். சிறுவயதில் ஏழு வருடம் ஒத்து மட்டுமே ஊதினேன், அதனால் இந்தப் பெயர். தெரியாதவர்களுக்கு: நாயனக்காரர் பக்கத்தில் ஒருவர் நின்று ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதுவார், அந்தச் சுருதிக் குழல்தான் ஒத்து. கன்னத்தில் காற்றை அடக்கிவைத்துக்கொண்டு மூக்கால் இழுக்க வேண்டும். மூச்சு இழுப்பது வெளியே தெரிந்தால் அடி. இன்று சுருதிப் பெட்டி வந்துவிட்டது, ஒத்து போய்விட்டது. உங்கள் வாத்தியத்தில் அந்தக் கன்னத்தின் வேலையைப் பை செய்கிறது. மூன்று ஒத்துக்காரர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டாளத்து ஐயாவிடம் ஒரு சந்தேகம். அதில் என்னென்ன ஸ்வரம் வரும்? ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் வருமா?

#6 · பழைய_பட்டாளம் · ஜூலை 10

மொத்தம் ஒன்பது ஸ்வரம், ஐயா. கீழ் ஜி-யில் தொடங்கி மேல் ஏ-யில் முடியும். சி-யும் எஃப்-உம் ஷார்ப். ட்ரோன்கள் ஏ-யில் நிற்கும்: இரண்டு டெனார், சாண்டரின் கீழ் ஏ-க்கு ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் இரண்டு ஸ்தாயி கீழே. எழுதுவதுதான் ஏ; காதில் விழுவது பி ஃபிளாட்டை விடச் சற்றுத் தூக்கலாக இருக்கும். எனக்கு உங்கள் கணக்கு தெரியாது.

#7 · ஒத்துக்காரர் · ஜூலை 10

என் கணக்கில் ஆறரைக் கட்டைக்குக் கொஞ்சம் மேல். திமிரி நாயனத்தையும் தாண்டிய உச்சம், அப்பாடா!

ட்ரோன் நிற்கும் ஏ-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், நீங்கள் சொன்ன ஸ்வரங்கள் சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். அதாவது அச்சு அசலாக ஹரிகாம்போதி, இருபத்தெட்டாவது மேளம்! கீழே ஒரே ஒரு மந்தர நிஷாதம் உபரி. மோகனம் வரும், மத்யமாவதி வரும், சுத்தசாவேரி வரும். சங்கராபரணம் வராது, காகலி நிஷாதத்துக்குத் துளை இல்லை. தொடக்கப் பாடம் சொல்லித்தரும் மாயாமாளவகௌளை சுத்தமாக வராது, ஆகவே அந்தப் பாடமான சரளி வரிசையை ஹரிகாம்போதியிலேயே வாசியுங்கள். மேல் ஸ-வோடு முடிந்துவிடுவதுதான் பெரிய சங்கடம். நம் கீதங்களே மேல் ரி, மேல் க என்று ஏறும். அங்கே ஏணி இல்லை.

கமகத்துக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். நாயனத்தில் ரீடு, அதாவது சீவாளி, உதட்டுக்குள் இருக்கிறது. உதட்டை இறுக்கினால், தளர்த்தினால், ஸ்வரம் பேசும். உங்களிடம் ரீடு கட்டைக்குள் ஒளிந்திருக்கிறது, உதடு அதைத் தொடுவதே இல்லை. விரலால் வழுக்கலாம், அவ்வளவுதான். இன்னொன்று: எங்களுக்கு ஜண்டை வரிசையில் ஸஸ ரிரி என்று இரட்டிக்கத் துத்துகாரம் உண்டு, நாக்கால் காற்றை வெட்டுவோம். பையில் நாக்குக்கு என்ன வேலை? காற்று நிற்பதே இல்லையே, ஒரே ஸ்வரத்தை எப்படி இரண்டு தடவை வாசிப்பீர்கள்?

#8 · பழைய_பட்டாளம் · ஜூலை 11

சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். ஏழு மாதம் பழகுவது இதைத்தான்.

இரண்டு ஸ வேண்டும் என்றால் நடுவில் மேலே ஒரு விரலைக் கண் இமைக்கும் நேரத்துக்குத் தூக்கி மூட வேண்டும். அந்தப் பொட்டு ஸ்வரம் ஸ-வை இரண்டாக அறுக்கும். கிரேஸ் நோட் என்பார்கள். தனியாகக் காதில் விழவே கூடாது. வெட்டு மட்டும் தெரிய வேண்டும். முதலில் ஜி, டி, இ என்ற மூன்று தனி வெட்டு. பிறகு இரட்டை வெட்டு. பிறகு சுண்டுவிரலைக் கடைசித் துளைமேல் இரண்டு தடவை இழுக்கும் ‘பர்ல்’. பிறகு டார்லுவா, கிரன்லுவா என்று வாயில் நுழையாத கட்டுகள். ஒரு சுமாரான நடைப்பாட்டில்கூட நிமிடத்துக்கு நூறுக்கு மேல் வெட்டு விழும்.

கெடிலக்கரைத் தம்பி, உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. டி-யிலிருந்து இ-க்குப் போகும்போது இரண்டு கை விரல்களும் ஒரே நொடியில் மாற வேண்டும். ஒரு விரல் மயிரிழை தாமதித்தாலும் நடுவில் ஒரு கள்ள ஸ்வரம் எட்டிப் பார்க்கும். வாசிப்பவருக்குக் கேட்காது. மற்ற எல்லோருக்கும் கேட்கும்.

#9 · தென்பாண்டி_77 · ஜூலை 12

ஊரே மெச்சிக்கொண்டிருக்கும் இடத்தில் கல்லெறிவதற்கு மன்னிக்கவும். நம் நாகஸ்வரத்துக்கு ஆள் இல்லை, ஒத்துக்கு ஆள் இல்லை, முகவீணை போய்விட்டது. கடலூரில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைக்காரன் படை நடத்திய வாத்தியத்துக்கு 11,000 ரூபாயா? அவன் வாத்தியம் ஊதிக்கொண்டே நம் ஊரைப் பிடித்தான்.

#10 · வெள்ளாற்றங்கரை (பரங்கிப்பேட்டை) · ஜூலை 12

ஊதிக்கொண்டே பிடித்தது எங்கள் ஊர் மணலில்தான், அதனால் நான் பேசுகிறேன்.

1781 ஜூலை 1. பரங்கிப்பேட்டைப் போர். ஒரு பக்கம் ஹைதர் அலி, மறு பக்கம் கம்பெனியின் தளபதி அயர் கூட். கூட்டின் படையில் மெக்லியோட் பிரபு திரட்டிய 73-ஆவது ஹைலேண்டர் (ஸ்காட்லாந்து மலைநாட்டார்) படை இருந்தது. அந்தப் படைதான் பின்னாளில் 71-ஆவது என்று எண் மாறியது. சண்டை உச்சத்தில் இருந்தபோதெல்லாம் அதன் பைப்பர் ஒருவர் பின்வாங்காமல் ஊதிக்கொண்டே இருந்தாராம். அதுவரை இந்த வாத்தியத்தைப் பழங்காலத்து வீண் சுமை என்று நினைத்திருந்த கூட், மகிழ்ந்துபோய், வெள்ளியில் பைப் செய்ய 50 பவுண்டு தருவதாகக் கத்திச் சொன்னார் என்று அந்தப் படைகளின் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். சொன்னபடி கொடுத்தும் விட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, 1783 ஜூனில், அதே ஹைலேண்டர்கள் கடலூர் முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்களிடம் நிறையப் பேரைப் பறிகொடுத்தார்கள்.

ஆக, கெடிலக்கரைக்காரர் ஊதினால், 240 வருடத்துக்குப் பிறகு இந்தக் கரையில் அது திரும்பக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக நான் பெருமைப்படவும் இல்லை. வெள்ளிக் குழல் கிடைத்தவரின் கதை எழுதப்பட்டிருக்கிறது. ஹைதர் பக்கத்தில் முரசறைந்தவரைப் பற்றி யாரும் எழுதவில்லை.

#11 · தென்பாண்டி_77 · ஜூலை 12

நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்?

#12 · மாடிவீட்டுக்காரன் · ஜூலை 13

ஸ்காட்லாந்துக்காரனும் அடிமைப்பட்டவன்தானே. 1746-இல் ஆங்கிலேயர் பேக்பைப்புக்கே தடை போட்டார்கள் என்று படித்திருக்கிறேன்.

#13 · வெள்ளாற்றங்கரை · ஜூலை 13

எல்லோரும் சொல்லும் கதை, ஆனால் சட்டத்தில் அப்படி இல்லை. 1746-ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுதத்தையும் மலைநாட்டு உடையையும் தடை செய்தது. பேக்பைப் என்ற சொல்லே அதில் கிடையாது. குழப்பத்துக்குக் காரணம், ஆங்கிலேயரை எதிர்த்த கிளர்ச்சிப் படைக்கு ஊதிய ஜேம்ஸ் ரீட் என்ற பைப்பரின் வழக்கு. அதே வருடம் யார்க் நகரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். நான் ஆயுதம் ஏந்தவில்லை, ஊதினேன், அவ்வளவுதான் என்று அவர் வாதாடினார். மலைநாட்டுப் படை பைப்பர் இல்லாமல் நடந்ததே இல்லை, ஆகவே அதுவும் போர்க்கருவிதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

#14 · ஒத்துக்காரர் · ஜூலை 13

தென்பாண்டி அவர்களே, நாகஸ்வரத்துக்கு ஆள் இல்லை என்ற வருத்தம் எனக்கு உங்களை விட அதிகம். என் வீட்டிலேயே இரண்டு பேர் விட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் கடலூர் மருந்துக்கடைக்காரர் பேக்பைப்பை விட்டுவிட்டால் மறுநாள் காலையில் நாயனம் வாங்கிவிடுவாரா? மாட்டார். தொலைக்காட்சி பார்ப்பார்.

மேலும் பை வாத்தியம் நமக்குப் புதிதா? பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர்க் கச்சேரியில் துத்தி என்று ஒன்று இருந்தது. தோல் பை, ஒரு குழல், சுருதிக்கு மட்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய ஓவியங்களில் ஆடுகிற பெண்ணுக்குப் பின்னால் ஒருவர் கக்கத்தில் பையோடு நிற்பார், உற்றுப் பாருங்கள். சுருதிப் பெட்டி வந்து அதையும் விழுங்கிவிட்டது. உத்தராகண்டில் மஷக்பீன் என்ற பெயரில் ஸ்காட்லாந்துப் பையையே கல்யாண வாத்தியமாக்கி வைத்திருக்கிறார்கள். வயலின் மட்டும் என்ன மாயவரத்திலா முளைத்தது?

#15 · வைசியாள்வீதி (புதுச்சேரி) · ஜூலை 15

தாமதமாக நுழைகிறேன். இங்கே எல்லோரும் பேக்பைப் என்றால் ஸ்காட்லாந்து என்றே பேசுகிறீர்கள். புதுச்சேரிக்காரி என்ற முறையில் ஆட்சேபம் தெரிவிக்கிறேன்.

நான் ஆறு வருடம் பிரான்சின் பிரத்தாஞ் (பிரிட்டனி) பகுதியில், லோரியான் நகரில் இருந்தேன். அந்த ஊர்ப் பெயரின் பொருளே ‘கிழக்கு’. 1666-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கட்ட உண்டாக்கிய துறைமுகம். புதுச்சேரிக்கு வந்த கம்பெனிக் கப்பல்கள் அங்கிருந்துதான் பாய் விரித்தன. அங்கே பினியூ என்று ஒரு சின்னப் பை வாத்தியம் உண்டு. ஒரே ஒரு ட்ரோன், கிறீச்சென்ற உச்ச ஸ்தாயி. அது தனியாக வராது. கூடவே பொம்பார்த் என்ற வாத்தியம் வரும். கட்டையான மரக்குழல், இரட்டை நாக்கு ரீடு, உதட்டில் வைத்து ஊதுவது. முதல் தடவை கேட்டபோது வேதபுரீஸ்வரர் கோயில் வாசலில் நிற்பது போல இருந்தது. பொம்பார்த்காரர் ஒரு வரி வாசித்துவிட்டு நிறுத்தி மூச்சு வாங்குவார். பினியூ அதே வரியைத் திருப்பி வாசிக்கும். அடுத்த வரியில் இவர் சேர்ந்துகொள்வார். கல்யாணத்துக்கும் ஊர்வலத்துக்கும் இந்த ஜோடிதான். நாயனமும் ஒத்தும் என்று சொல்லிக் கொடுத்தால் அங்கே எவருக்கும் உடனே புரியும்.

1971-இலிருந்து ஆகஸ்டு தோறும் அங்கே கெல்டிக் விழா நடக்கிறது. ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து காய்த்தா என்ற பை வாத்தியம், அயர்லாந்திலிருந்து ஊதாமல் முழங்கைத் துருத்தியால் காற்றடிக்கும் இல்லின் பைப், எல்லாம் வரும். எனக்கு ஸ்காட்லாந்துப் பையை விட அந்த அயர்லாந்துப் பைதான் பிடிக்கும். உட்கார்ந்து வாசிக்கலாம், அடுத்த வீட்டுக்காரர் பேசுவதை நிறுத்த மாட்டார்.

கெடிலக்கரை அவர்களே, அங்கே பயிற்சியிலும் முதல் வருடம் சாண்டர்தான். ஏழெட்டு வயதுக் குழந்தைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாத்து போலக் கத்திக்கொண்டிருப்பார்கள்.

#16 · கெடிலக்கரை · ஜூலை 15

இழை இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை. பிளாஸ்டிக் பிராக்டிஸ் சாண்டர் ஒன்று வரவழைத்திருக்கிறேன். பட்டாளத்து ஐயா ஞாயிறு காலையில் நெல்லிக்குப்பத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். தென்பாண்டி அவர்களுக்கு: கோபமில்லை, உங்கள் கேள்வி இரவு தூங்கவிடவில்லை என்பது உண்மை.

#17 · கெடிலக்கரை · அக்டோபர் 2

மூன்று மாதக் கணக்கு. தினமும் கடையை மூடிய பிறகு இரவு 9.30 முதல் 10.15 வரை. ஒன்பது ஸ்வரமும் வருகின்றன. ஒத்துக்காரர் ஐயா சொன்னபடி ஹரிகாம்போதியில் சரளி வரிசை. ஜண்டை வரிசையில் சிக்கிக்கொண்டேன். ஜி வெட்டு விழுகிறது, ஆனால் வெட்டாக விழாமல் பாதி ஸ்வரமாக விழுகிறது. நெல்லிக்குப்பத்து ஐயா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பார், தூங்கிவிட்டார் என்று நினைப்பேன், கள்ள ஸ்வரம் வந்த உடனே சுண்டுவிரல் மட்டும் ஆடும்.

அவர் கற்றுத்தந்த ஒரு விஷயத்தை ஒத்துக்காரர் ரசிப்பார். ஸ்காட்லாந்தில் பழைய குருமார்கள் தாளில் எழுதாமல் வாய்ச்சொல்லால் பாடியே பாடம் நடத்தினார்களாம். கண்டரக் என்பது போல ஒரு பெயர். ‘ஹிஹாரின்’, ‘ஹிஹோரோதோ’ என்று ஒவ்வொரு விரல் கட்டுக்கும் ஒரு சொல். ஸ்கை தீவில் மெக்ரிமன் என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் சொல்லிக்கொடுத்தது.

#18 · ஒத்துக்காரர் · அக்டோபர் 3

எங்கள் பக்கத்தில் தவில்காரப் பிள்ளைகள் முதலில் கற்பதும் வாய்ச்சொல்தான். வாயில் வராதது கையில் வராது என்பார் தாத்தா. அந்தக் குடும்பத்தை நேரில் பார்த்திருந்தால் வெற்றிலைத் தட்டு வைத்து நமஸ்காரம் செய்திருப்பார்.

ஜி வெட்டு சரியாக வர: விரலைத் தூக்காதீர்கள். சூடான தோசைக்கல் மேல் பட்ட விரல் தானாக விலகுமே, அப்படி விலகட்டும்.

#19 · கெடிலக்கரை · மார்ச் 11

நீண்ட நாள் எழுதவில்லை. செய்தி உண்டு. ஐயா தன் பழைய பைப்பையே எனக்குக் கொடுத்துவிட்டார். கருங்காலி, தந்த நிறத்தில் வளையங்கள், ஒன்றில் விரிசல். பை மட்டும் புதிதாகச் செயற்கைத் துணியில் வாங்கிப் போட்டோம். என் 11,000 ரூபாய் செட் இப்போது கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. மருந்து வாங்க வருகிற குழந்தைகள் ஆட்டைப் பிடித்து மாட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள்.

பையோடு முதல் மாதம் நரகம். விரல் தெரியும், கை தெரியாது. அப்போது ஐயா ஒரு வித்தை செய்தார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் இரண்டரை மீட்டர் வாங்கிவரச் சொன்னார். ஜன்னல் கம்பியில் ‘ப’ எழுத்தைப் போல வளைத்துக் கட்டி, பாதிவரை தண்ணீர், அதில் நீல மை இரண்டு சொட்டு. ட்ரோன்களைக் கழற்றித் தக்கை வைத்து, ஒரு தக்கையில் துளையிட்டு டியூபின் ஒரு முனையைச் செருகினார். இப்போது ஊதினால் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கும், மறு பக்கம் ஏறும். என் ரீடு பாடுவதற்கு இரண்டுக்கும் இடையே 30 அங்குலம் வித்தியாசம் வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் சிவப்பு நூல் கட்டினோம். பயிற்சி இவ்வளவுதான்: தண்ணீர் நூலை விட்டு நகரக் கூடாது.

முதல் நாள் தண்ணீர் ஒரு முழம் ஏறி இறங்கியது. மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் விழுந்தது. இரண்டாம் வாரம் நாலு விரல் அளவு. நேற்று ஒரு விரல். மூச்சிலிருந்து கைக்கு மாறும் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காது கேட்கத் தொடங்கியது. மனைவி முதலில் சிரித்தாள், இப்போது அவள்தான் பக்கத்தில் நின்று “இறங்குகிறது, இறங்குகிறது” என்று கத்துகிறாள்.

#20 · மாடிவீட்டுக்காரன் · மார்ச் 11

பொறியியல் கல்லூரியில் மேனோமீட்டர் (அழுத்தமானி) என்று சொல்லி நான்கு வருடம் கழித்தும் எனக்குப் புரியாதது இன்று புரிந்தது.

#21 · வைசியாள்வீதி · மார்ச் 12

வாழ்த்துகள். ஒரு வேண்டுகோள்: வாசித்து முடித்ததும் பையைத் திறந்து உலர்த்துங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

#22 · கெடிலக்கரை · மார்ச் 12

மருந்துக்கடைக்காரனுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை, இருந்தாலும் நன்றி. 2016-இல் ‘தோராக்ஸ்’ மருத்துவ இதழில் வந்த அறிக்கையைப் படித்திருக்கிறேன்: இங்கிலாந்தில் 61 வயதுக்காரர் ஒருவர், தினமும் வாசிப்பவர், பைக்குள் வளர்ந்த பூஞ்சையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்து நுரையீரல் கெட்டு இறந்துபோனார். ஊதுகுழலையும் ரீடுகளையும் ஒவ்வொரு நாளும் துடைத்துத் தனித்தனியாகக் காயவைக்கிறேன். பைக்கு ஜிப் வைத்திருக்கிறார்கள், திறந்துவிட்டால் காற்றோடும்.

#23 · தென்பாண்டி_77 · ஏப்ரல் 20

இங்கே வருவதை நிறுத்தவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். நேற்று ஒரு திருமண வேலையாகக் கடலூர் வந்தவன் காலை ஐந்தரைக்குத் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். தெற்கே, படகுகள் இழுத்துப் போட்டிருக்கும் இடத்தில், ஒருவர் கடலைப் பார்த்து நின்று மோகனம் ஊதிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி. வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் உதறிக்கொண்டே கேட்டார்கள். நீங்கள்தானா?

#24 · கெடிலக்கரை · ஏப்ரல் 20

நானேதான்! ஏன் கூப்பிடவில்லை?

#25 · தென்பாண்டி_77 · ஏப்ரல் 20

காந்தாரம் கொஞ்சம் உயர்ந்திருந்தது. கூப்பிட்டால் அதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

#26 · கெடிலக்கரை · ஏப்ரல் 21

காந்தாரம் உயர்ந்தது உண்மை. அந்தத் துளையின் மேல் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி இறக்கிவிட்டேன். நன்றி.

வந்ததே வந்தீர்கள், எல்லோரிடமும் ஒரு கேள்வி. கடற்கரையில் பத்து நிமிடம் வாசித்ததும் பேஸ் ட்ரோன் மட்டும் நின்றுவிடுகிறது. வீட்டில் நிற்பதில்லை. டெனார் இரண்டும் பாடுகின்றன. பையில் அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது. கடல் காற்றா, ஈரமா?

#27 · பழைய_பட்டாளம் · ஏப்ரல் 21

ரெண்டுமாக இருக்கலாம். ரீடின் நாக்கு ஈரத்தில் ஒட்டிக்கொள்கிறது. கழற்றித் துடைத்து, நாக்குக்கு அடியில் ஒரு தலைமுடியைக் குறுக்கே நுழைத்துக் கட்டு நூல் வரை தள்ளி, அங்கேயே விட்டுவிடுங்கள். மயிரிழை அளவுக்குத் திறந்து நிற்கும். வாசிக்கும்போது காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், குழல் வாய்க்கு நேரே காற்று அடித்தாலும் நின்றுபோகும். ஞாயிற்றுக்கிழமை பைப்பை எடுத்துவாருங்கள், பார்க்கிறேன். முடி உங்களிடம் இல்லை, வீட்டில் கேட்டு வாங்கிவாருங்கள்.